65 ஆட்டம், 16 கோல்: ஹாரி கேன் லோனில் அலைந்த வருடங்கள்

2011 ஜனவரியிலிருந்து 2013 மே வரை நான்கு கிளப், 65 ஆட்டம், 16 கோல். இந்தக் கணக்கை மட்டும் கையில் கொடுத்து, பத்தொன்பது வயசு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை ஆட்டக்காரர், ஒருவர் இருக்கிறார், வைத்துக்கொள்ளலாமா விற்றுவிடலாமா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்போம். நாலு ஆட்டத்துக்கு ஒரு கோல், அதுவும் அத்தனையும் இங்கிலாந்தின் இரண்டாவது, மூன்றாவது டிவிஷன் கிளப்புகளுக்காக அடித்தது. அந்த இளைஞர்தான் பிறகு லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்காக 280 கோல் அடித்தார், இங்கிலாந்து அணியில் வேய்ன் ரூனியின் 53 கோல் சாதனையைத் தாண்டினார், 2018 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார்.

ஹாரி கேனின் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆர்சனல் வேண்டாம் என்று அனுப்பியது, ஊர் ஊராக லோனில் (சொந்த கிளப் சில மாதங்களுக்கு வேறு கிளப்புக்கு இரவல் கொடுப்பது) போனார், மனம் தளரவில்லை, ஜெயித்தார். கேட்க நன்றாக இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் இது எதையும் விளக்குவதில்லை, ஏனென்றால் மனம் தளராமல் உழைத்த பையன்கள் டாட்டன்ஹாமின் அதே அகாடமியில், அதாவது கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளியில், இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். நான் பார்த்தவரை, இளம் ஸ்ட்ரைக்கர் ஒருவரின் கோல் கணக்கு அவருடைய திறமையைச் சொல்வதைவிட, அந்த நேரத்தில் அவர் இருந்த கிளப்புக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. கேனின் ஆரம்ப வருடங்களை வரிசையாகப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும்.

முதலில் பிறந்த தேதி. 1993 ஜூலை 28, கிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோ. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பர் 1-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 31-ல் முடியும், சிறுவர் கால்பந்தில் வயதுப் பிரிவும் அதை வைத்துத்தான். அதாவது கேன் விளையாடிய ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் தன்னைவிடப் பத்து, பதினொரு மாதம் மூத்த பையன்களோடுதான் மோதியிருக்கிறார். முப்பது வயசில் பத்து மாதம் ஒன்றுமே இல்லை. எட்டு வயசில் அது உயரம், கால் நீளம், ஓட்டம், உடம்பு பலம் எல்லாவற்றிலும் தெரியும். இங்கிலாந்து அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்த பையன்கள் எக்கச்சக்கமாகவும் கோடையில் பிறந்தவர்கள் சொற்பமாகவும் இருப்பது பல வருடங்களாகப் பேசப்பட்டு வரும் விஷயம். பயிற்சியாளர் நல்ல ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு சீக்கிரம் வளர்ந்த பையனைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

கேன் வளர்ந்தது சிங்ஃபோர்டில். அங்கே ரிட்ஜ்வே ரோவர்ஸ் என்ற சிறுவர் கிளப், டேவிட் பெக்காம் சின்ன வயசில் ஆடிய அதே கிளப். அங்கிருந்து எட்டு வயசில் ஆர்சனல் அகாடமிக்குப் போனவரை ஒரு சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அப்போது ஆர்சனல் அகாடமிக்குத் தலைவராக இருந்தவர் லியாம் பிரேடி. பையன் கொஞ்சம் குண்டாக இருந்தான், உடல்வாகும் விளையாட்டு வீரனுக்கு உரியதாக இல்லை என்பதுதான் காரணம் என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார், அது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டார். எனக்கு ஆர்சனல் மேல் கோபம் வரவில்லை. எட்டு வயசுக் குழந்தையின் உடம்பைப் பார்த்து இருபது வயசைக் கணிக்கச் சொல்லும் முறைமேல்தான் வருகிறது. ஒரு வகுப்பிலேயே ஆகச் சின்னப் பிள்ளையை ஆக மூத்த பிள்ளையோடு நிறுத்தி வைத்து அளந்துவிட்டு, இவன் குட்டை என்று எழுதி வைக்கும் வேலை அது.

அப்புறம் வாட்ஃபோர்டில் சில வாரம் சோதனைக்குப் போனார். வாட்ஃபோர்டுக்காக டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆடியபோது டாட்டன்ஹாம்காரர்கள் கண்ணில் பட்டு, 2004-ல், பதினொரு வயசில் அங்கே சேர்ந்தார். சேர்ந்தபோது அவர் ஸ்ட்ரைக்கரே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மைதானத்தின் நடுப்பகுதியில் ஆடும் மிட்ஃபீல்டர்; முதலில் தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்கும் ஹோல்டிங் மிட்ஃபீல்டர், பிறகு ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் அட்டாக்கிங் மிட்ஃபீல்டர். உடம்பு பிந்தி வளர்கிற பையன் மிட்ஃபீல்டில் ஆடும்போது வேகத்தை வைத்துத் தப்பிக்க முடியாது. பந்து வருவதற்கு முன்னாலேயே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்தாக வேண்டும், முதல் தொடுதலிலேயே பந்தை அடக்க வேண்டும், எதிராளி வந்து இடிப்பதற்குள் பாஸ் போட்டுவிட வேண்டும். இந்தப் பழக்கம் எல்லாம் உடம்பில் ஊறிய பிறகுதான் உயரம் வந்தது, அவரை முன்னால் நகர்த்தினார்கள். வழக்கமாக ஸ்ட்ரைக்கர்களுக்கு இதெல்லாம் தலைகீழாக நடக்கும். சின்ன வயசில் பெரிய உடம்பு, பெரிய வேகம், ஆட்டத்துக்கு நாலு கோல், பிறகு பதினெட்டு வயசில் எல்லாரும் அதே உயரத்துக்கு வந்ததும் கையில் வேறு ஆயுதம் இல்லாமல் நிற்பார்கள்.

2010 ஜூலையில் தொழில்முறை ஒப்பந்தம். அடுத்த ஜனவரியில் முதல் லோன், மூன்றாம் டிவிஷனில் இருந்த லெய்டன் ஓரியன்ட்டுக்கு. கேனுக்கு 17 வயசு. கிழக்கு லண்டன் கிளப், வீட்டுக்குப் பக்கம். மேனேஜர் ரஸ்ஸல் ஸ்லேட். ராச்டேலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதல் ஆட்டம், அடுத்த வாரம் ஷெஃபீல்ட் வெட்னெஸ்டேவுக்கு எதிராக முதல் பதினொருவரில் இடம், அந்த ஆட்டத்திலேயே முதல் கோல். பிப்ரவரியில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக ரெட் கார்டும் வாங்கினார். மொத்தம் 18 ஆட்டம், 5 கோல். ஸ்கூல் முடித்த பையன் முதல்முறையாக வீட்டுக்கடன் கட்டும் ஆட்களோடு, சம்பளத்துக்காக, ஒப்பந்தம் நீடிக்க வேண்டுமே என்பதற்காக ஆடுகிற ஆட்களோடு ஆடினார். அகாடமி ஆட்டத்தில் தோற்றால் யாருக்கும் வேலை போகாது. இங்கே போகும்.

டாட்டன்ஹாமுக்காக முதல் ஆட்டம் 2011 ஆகஸ்ட் 25, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகின் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணிக்கு எதிராக. கோலுக்கு முன்னாலிருக்கும் பாக்ஸுக்குள் விழுத்தப்பட்டு பெனால்டி வாங்கினார், பந்தைத் தானே எடுத்து வைத்து அடித்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். முதல் ஆட்டம், சொந்த மைதானம், பெனால்டி வீண். பிறகு அவர் எத்தனை பெனால்டி அடித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது இந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினெட்டு வயசில், அறிமுக ஆட்டத்தில், மூத்தவர்கள் சுற்றி நிற்கும்போது அந்தப் பந்தை யார் கேட்டு வாங்குவார்கள்? டிசம்பரில் அயர்லாந்தின் ஷாம்ராக் ரோவர்ஸுக்கு எதிராக முதல் கோல் வந்தது. ஆனாலும் அன்றைய மேனேஜர் ஹாரி ரெட்நாப்பின் லீக் அணியில் இடம் இல்லை.

2012 ஜனவரியில் இரண்டாம் லோன், மில்வால். கூடவே டாட்டன்ஹாம் அகாடமியிலிருந்து இன்னொருவரும் போனார், ரயன் மேசன் என்ற மிட்ஃபீல்டர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் டிவிஷனில் மில்வால் அப்போது மூன்றாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் இருந்தது. ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இங்கிலாந்து கால்பந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மைதானத்தில் சத்தம் காதைப் பிளக்கும், சுணங்குகிறவரை மன்னிக்கவே மாட்டார்கள். மேனேஜர் கென்னி ஜாக்கெட் வேறு வழியில்லாமலும் நம்பிக்கையோடும் கேனை வாரா வாரம் ஆட விட்டார். 27 ஆட்டம், 9 கோல், மில்வால் தப்பித்தது, அந்த சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் கேனுக்குத்தான்.

மில்வாலில் அவர் அடித்த கோல்களைவிட, கோல் அடிக்காத ஆட்டத்துக்கு அடுத்த வாரமும் அணியில் இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்ட்ரைக்கரின் வேலையில் அடுத்த வாய்ப்பு வரும் என்ற நிம்மதி பாதி பலம். அது இல்லாதவர் கிடைக்கிற ஒரே பந்தில் எல்லாவற்றையும் நிரூபிக்கப் பார்ப்பார், பாஸ் போட வேண்டிய இடத்தில் ஷாட் அடிப்பார், ஷாட் அடிக்க வேண்டிய இடத்தில் தயங்குவார். மில்வாலுக்கு கேன் தேவைப்பட்டார். அந்தத் தேவைதான் ஒன்பது கோல்களாகக் கணக்கில் வந்தது.

அடுத்த சீசனில் அதே ஆட்டக்காரர் எப்படிக் காணாமல் போனார் என்று பாருங்கள். 2012 ஆகஸ்டில் நியூகாசிலுக்கு எதிராக பிரீமியர் லீகில் சில நிமிடம் ஆடிவிட்டு, மாதக் கடைசியில் மூன்றாம் லோனாக நார்விச் சிட்டிக்குப் போனார். முதல்தர லீக், நல்ல வாய்ப்பு. ஆனால் செப்டம்பரிலேயே லீக் கோப்பை ஆட்டம் ஒன்றில் பாதத்து எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் சிகிச்சை, திரும்பி வந்தார், ஆனால் அவர் போனபோது இருந்த அணி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. மொத்தம் 5 ஆட்டம், கோல் பூஜ்யம். 2013 பிப்ரவரி 1-ஆம் தேதி டாட்டன்ஹாம் திரும்ப அழைத்துக்கொண்டது.

மூன்று வாரத்தில் நான்காம் லோன், லெஸ்டர் சிட்டிக்கு. ஜனவரியோடு ஆட்டக்காரர் மாற்றும் காலம் முடிந்துவிடுமே, பிப்ரவரி 21-ல் எப்படிப் போனார் என்று சிலருக்குக் கேள்வி வரலாம். அந்தக் காலத்தில் கீழ் டிவிஷன் கிளப்புகள் சீசன் நடுவிலும் அவசர லோனில் ஆள் எடுக்கலாம் என்று இங்கிலாந்தில் தனி ஏற்பாடு இருந்தது, 2016-ல்தான் அதை நிறுத்தினார்கள். வார்த்தையிலேயே அவசரம் இருக்கிறது. காயம் பட்டவருக்கு மாற்று, பெஞ்சில் ஒரு கூடுதல் ஆள், நெருக்கடிக்கு உதவட்டும் என்ற கணக்கு. லோனில் ஆள் எடுக்கிற மேனேஜருக்கு அந்தப் பையனின் அடுத்த வருடத்தைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை. அவன் முன்னேறினால் லாபம் சொந்த கிளப்புக்கு, ஆட்டம் தோற்றால் நஷ்டம் தனக்கு. அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் தன் சொந்த ஆளைத்தான் இறக்குவார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஏற்பாடே அப்படி.

லெஸ்டர் அப்போது பிரீமியர் லீகுக்கு ஏறத் துடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் நைஜல் பியர்சன் கையில் டேவிட் நூஜென்ட், கிறிஸ் வுட், முந்தின கோடையில் ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து வந்து இன்னும் தடுமாறிக்கொண்டிருந்த ஜேமி வார்டி. சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே பிளாக்பர்னுக்கு எதிராக கேன் கோல் அடித்தார். அடித்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, பெரும்பாலான நேரம் பெஞ்சில்தான். 15 ஆட்டம், 2 கோல். ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? மில்வாலில் 9 அடித்தான், லெஸ்டரில் 2, பையன் இறங்குமுகம் என்று நினைப்பார். உண்மையில் லெஸ்டருக்கு வந்த கேன் மில்வால் கேனைவிட ஒரு வயசு மூத்தவர், உடம்பு இறுகியவர், எல்லா விதத்திலும் மேம்பட்டவர். ஆனால் லெஸ்டருக்கு அவர் தேவைப்படவில்லை.

அந்த லோன் முடிந்த விதம் இன்னும் மோசம். 2013 மே 12, வாட்ஃபோர்ட் மைதானத்தில், பிரீமியர் லீகுக்கு ஏறும் கடைசி இடத்தை முடிவுசெய்யும் பிளே-ஆஃப் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இரண்டு ஆட்டமும் சேர்த்து சமநிலை, கூடுதல் நிமிடங்களும் முடியப் போகிற நேரத்தில் லெஸ்டருக்கு பெனால்டி. ஆந்தனி நோக்கார் அடித்தால் இறுதிப்போட்டி. கோல்கீப்பர் அல்முனியா தடுத்தார், திரும்பி வந்த பந்தையும் தடுத்தார், அங்கிருந்து பந்து மைதானத்தின் மறுமுனைக்குப் பறந்து சில நொடிகளில் ட்ராய் டீனி காலில் கோலாக முடிந்தது. இங்கிலாந்து கால்பந்தில் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிற காட்சி அது. தோற்று நின்ற அந்த அணியில் கேனும் இருந்தார், வார்டியும் இருந்தார். இரண்டே வருடத்தில் ஒருவர், மூன்றே வருடத்தில் இன்னொருவர் நாட்டையே திரும்பிப் பார்க்க வைப்பார்கள் என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையின் அடிமட்டம் என்று கேன் பின்னாளில் எழுதியிருக்கிறார். இரண்டாம் டிவிஷன் லெஸ்டரிலேயே இடம் கிடைக்கவில்லை என்றால் டாட்டன்ஹாமில் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி அவரைத் தின்றிருக்கிறது. அப்போது ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (நம் கால்பந்து அல்ல, வேறு ஆட்டம்) வீரர் டாம் பிரேடியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று கண்ணில் பட்டதாம். 2000-ஆம் வருட வீரர் தேர்வில் 198 பேருக்குப் பின்னால், 199-ஆவதாக எடுக்கப்பட்டவர் பிரேடி. அதைப் பார்த்து மனசு மாறியது என்கிறார். நம்புகிறேன். மனசு மாறுவது உதவும். ஆனால் மனசு மாறியதும் கோல் வந்துவிடவில்லை, இன்னும் ஒன்றரை வருடம் ஆனது, அந்த ஒன்றரை வருடத்தில் நடந்தவைதான் என்னை ஈர்ப்பவை.

2013 கோடையில் டாட்டன்ஹாம் கேரத் பேலை ரியல் மாட்ரிடுக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழு பேரை வாங்கியது. அதில் ஒருவர் வலென்சியாவிலிருந்து 2.6 கோடி பவுண்டுக்கு வந்த ஸ்ட்ரைக்கர் ரோபர்ட்டோ சோல்டாடோ. ஏற்கெனவே ஜெர்மெய்ன் டிஃபோ இருக்கிறார், இமானுவேல் அடேபயோர் இருக்கிறார். வரிசையில் கேன் நான்காவது ஆள். இத்தனை பணம் கொட்டி வாங்கிய ஆளை உட்கார வைத்துவிட்டு அகாடமிப் பையனை இறக்கும் துணிச்சல் எந்த மேனேஜருக்கும் லேசில் வராது, ஏனென்றால் அப்படிச் செய்வது வாங்கியது தப்பு என்று கிளப்பே ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும். இன்னொரு லோன் தயாராகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேன் இந்த முறை எங்கேயும் போகாமல் இருந்து முட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். அவர் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் பெரியது என்பது என் கருத்து. லோனில் இருக்கும் பையனை சொந்த கிளப்பின் மேனேஜர் கண்ணால் பார்ப்பதில்லை, அறிக்கையில்தான் பார்க்கிறார். இங்கே இருந்தால் தினமும் பயிற்சியில் பார்ப்பார்.

பார்த்தார்கள். அக்டோபரில் ஹல் சிட்டிக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் சமன் செய்யும் கோலை அடித்தார். டிசம்பரில் மேனேஜர் விலாஸ்-போவாஸ் பதவி போனது, டிம் ஷெர்வுட் வந்தார். ஷெர்வுட் இளம் ஆட்டக்காரர்களோடு வேலை செய்துகொண்டிருந்தவர், கேனைச் சிறுவனாகத் தெரியும். அவரோடு இருந்த லெஸ் ஃபெர்டினண்ட் தன் காலத்தில் பிரீமியர் லீகின் பெரிய ஸ்ட்ரைக்கர். சோல்டாடோவுக்கோ அந்த லீக் சீசன் முழுக்க ஆறே கோல்தான் வந்தது. டிஃபோ பிப்ரவரியில் கனடாவின் டொரன்டோவுக்குப் போய்விட்டார். வரிசை தானாகவே சுருங்கியது. 2014 ஏப்ரல் 7, சண்டர்லாந்துக்கு எதிராக பிரீமியர் லீகில் டாட்டன்ஹாமின் முதல் பதினொருவரில் முதல்முறையாக கேன். கோல் அடித்தார். அடுத்து வெஸ்ட் பிராமுக்கு எதிராக, அடுத்து ஃபுல்லாமுக்கு எதிராக. மூன்று ஆட்டம், மூன்று கோல்.

கோடையில் ஷெர்வுட்டும் போனார், சவுத்தாம்ப்டனிலிருந்து மவுரிசியோ பொச்செட்டினோ வந்தார். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. சீசன் தொடக்கத்தில் லீக் ஆட்டங்களில் அடேபயோர்தான், கேனுக்கு வியாழக்கிழமை யூரோப்பா லீகும் லீக் கோப்பையும். அந்த வியாழக்கிழமை ஆட்டங்களில் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அதில் ஒன்று, 2014 அக்டோபர் 23, கிரீஸின் ஆஸ்டெராஸ் டிரிபோலிஸுக்கு எதிராக. கேன் ஹாட்ரிக், டாட்டன்ஹாம் ஐந்து கோல் முன்னிலை. கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் லோரிஸுக்கு ரெட் கார்டு, மாற்று ஆட்டக்காரர்கள் மூவரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. கேன் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். வந்த முதல் ஃப்ரீ கிக்கே கைக்குள் புகுந்து நழுவி உள்ளே போனது. ஒரே ஆட்டத்தில் ஹாட்ரிக்கும் அடித்து, கோல்கீப்பராகக் கோலும் வாங்கியவர். ரசிகர்கள் சிரித்தார்கள், ஆனால் அன்றிரவு அரங்கில் இருந்த எல்லாருக்கும் இவன் நம்ம பையன் என்ற உணர்வு உறுதியாகிவிட்டது. எங்களில் ஒருவன் என்று அவர்கள் பாடிய பாட்டு அந்த சீசன் முழுக்கக் கேட்டது.

பத்து நாள் கழித்து, நவம்பர் 2, ஆஸ்டன் வில்லா மைதானம். டாட்டன்ஹாம் பின்தங்கியிருக்கிறது, கேன் பெஞ்சிலிருந்து இறங்கியிருக்கிறார். வில்லாவின் பென்டெக்கே வெளியேற்றப்பட்டதால் எதிரணியில் பத்து பேர். 84-ஆவது நிமிடத்தில் ஷாட்லி சமன் செய்தார். 90-ஆவது நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியே ஃப்ரீ கிக். கேன் அடித்த பந்து வில்லா தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. 2-1. அதற்கப்புறம் லீக் அணியில் அவர் இடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பந்து அந்த ஆள் மேல் படாமல் நேராகப் போயிருந்தால்? கோல்கீப்பர் பிடித்திருக்கலாம். அப்போதும் கேன் ஏதோ ஒரு நாள் மேலே வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், வியாழக்கிழமை கோல்களை எத்தனை நாள் மறைத்து வைக்க முடியும். ஆனால் அந்த நாள் எது, அதுவரை பொச்செட்டினோ பொறுமையாக இருந்திருப்பாரா, ஜனவரியில் கிளப் இன்னொரு பெரிய ஸ்ட்ரைக்கரை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய ஒரு வாழ்க்கையின் கதவு, யாரோ ஒருவர் உடம்பில் பட்டுத் திரும்பிய பந்தில் திறந்தது என்பதை நாம் லேசாகக் கடந்துவிடக் கூடாது.

கதவு திறந்ததும் உள்ளே போனவர் என்ன செய்தார் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் இல்லை. 2015 புத்தாண்டு தினம், லீகில் முதலிடத்தில் இருந்த, அந்த வருடம் பட்டமும் வென்ற செல்சிக்கு எதிராக 5-3. முதல் கோலைப் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் பந்தை வாங்குகிறார், உள்பக்கம் வெட்டிக்கொண்டு நடக்கிறார், ஓடுகிறார் என்று சொல்ல முடியாது, வேகம் அவருக்கு எப்போதும் இல்லை. பாக்ஸுக்கு வெளியிலிருந்தே தரையோடு தரையாக ஒரு அடி, கோல் மூலையில் பந்து. இரண்டாவது கோலில் கோலுக்கு முதுகு காட்டி நின்றவர் ஒரே சுழற்சியில் திரும்பி, கூர்ட்வாவைத் தாண்டி மறு மூலையில் வைத்தார். காலைப் பெரிதாகப் பின்னால் இழுக்காமல், கோல்கீப்பர் கால் ஊன்றுவதற்கு முன்னால் அடித்துவிடுவது அவர் ஷாட்டின் ரகசியம். வேகம் இல்லாத ஆள் நேரத்தை இப்படித்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். பிப்ரவரி 7, எட்டு வயசில் அனுப்பிவிட்ட ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல், இரண்டாவது 86-ஆவது நிமிடத்தில் தலையால். 2-1 வெற்றி.

மார்ச் 27, வெம்பிளியில் லிதுவேனியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணிக்கு அறிமுகம், ரூனிக்கு மாற்றாக இறங்கி 79 நொடியில் கோல். சீசன் முடியும்போது எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 31 கோல், அதில் லீகில் 21, தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சிறந்த இளம் வீரர் விருது. அதே லீக் சீசனில் சோல்டாடோவுக்கு ஒரே ஒரு கோல்.

ஒரு சீசன் அதிசயம் என்று சிலர் சொன்னார்கள், அடுத்த சீசனில் செப்டம்பர் கடைசி வரை லீகில் கோலே வராதபோது சத்தமாகச் சொன்னார்கள். அந்த சீசனை 25 லீக் கோலோடு முடித்து தங்கக் காலணி வாங்கினார், அடுத்த வருடம் 29 கோலோடு மறுபடியும். இதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த பகுதி.

தெரியாமல் போகிற பகுதி அந்த மிட்ஃபீல்ட் வருடங்களின் பலன். 2020-21 சீசனில் கேன் பிரீமியர் லீகில் 23 கோல், 14 அசிஸ்ட் (இன்னொருவர் கோல் அடிக்கக் கொடுத்த கடைசிப் பாஸ்). அதிக கோலும் அவர்தான், அதிக அசிஸ்டும் அவர்தான். மைதானத்தின் நடுவட்டம் வரை இறங்கி வந்து பந்தை வாங்குவார், தலையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார், நாற்பது கெஜத்துக்கு ஒரு பாஸ், அங்கே சோன் ஹியுங்-மின் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் உதவி அடித்த லீக் கோல்கள் 47, பிரீமியர் லீகில் வேறெந்த ஜோடியும் அதை எட்டியதில்லை. அந்தப் பாஸ் இருபத்தேழு வயசில் புதிதாகக் கற்றது என்று பலர் எழுதினார்கள். பதினொரு வயசில் சேர்ந்தபோதே, பந்து வருவதற்கு முன் சுற்றிலும் பார்த்தாக வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்ட பையன் அவர்.

ரயன் மேசனுக்கு வருகிறேன். கேனைவிட இரண்டு வயசு மூத்தவர், அதே அகாடமி, அதே மில்வால் லோன், அதற்கு முன்னும் பின்னும் யோவில், டான்காஸ்டர், பிரான்ஸின் லோரியான், ஸ்விண்டன் என்று இன்னும் அதிக ஊர்கள். அவருக்கும் கதவு திறந்தது அதே 2014 இலையுதிர்காலத்தில்தான், அதே பொச்செட்டினோவின் கையால், 23 வயசில். கேன் அறிமுகமான அதே வாரத்தில் இத்தாலிக்கு எதிராக மேசனும் இங்கிலாந்துக்காக ஆடினார். உழைப்பில், பொறுமையில், லோனில் அலைந்த கணக்கில் கேனுக்கு ஒரு துளியும் குறைந்தவர் இல்லை. 2016-ல் ஹல் சிட்டிக்கு மாறினார். 2017 ஜனவரியில் செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் பந்துக்குத் தாவியபோது கேரி கேஹிலின் தலையோடு மோதி மண்டை ஓடு உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி ஆடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். 2018 பிப்ரவரியில், 26 வயசில் ஓய்வை அறிவித்தார்.

பிறகு டாட்டன்ஹாமுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 2021 ஏப்ரலில் ஜோசே மொரின்யோவை நீக்கியதும் சீசன் முடியும்வரை மேனேஜர் பொறுப்பு 29 வயசு மேசனிடம் வந்தது, பிரீமியர் லீக் வரலாற்றிலேயே இளம் வயது மேனேஜர் அவர்தான். மில்வாலுக்கு ஒன்றாகப் போன இரண்டு பேரில் ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வெம்பிளியில், மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான லீக் கோப்பை இறுதிப்போட்டிக்கு அணியை எழுதினார். ஸ்ட்ரைக்கர் இடத்தில் அவர் எழுதிய பெயர் அந்த இருவரில் மற்றவருடையது, ஹாரி கேன்.